லாவெண்டர் எண்ணெய்க்கு எதற்குக் கைரல் சோதனை, ஜிசி-எம்எஸ் போதாதா?

பிப்ரவரி 3

வந்த கேள்வி, வந்தபடியே:

"லாவெண்டர் எண்ணெய்க்கு ஜிசி-எம்எஸ் ரிப்போர்ட் கையில் இருக்கிறது. லினலூல் 34%, லினலைல் அசிடேட் 31%. இரண்டும் வரம்புக்குள் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள். இதற்கு மேல் கைரல் ஜிசி என்று இன்னொரு சோதனை செய்யச் சொல்வது ஆய்வகங்கள் காசு பிடுங்கும் வழி. தவறென்றால் சொல்லுங்கள்."

தவறுதான். ஜிசி எண்ணெயின் ஆவியைக் குழலில் ஓட்டிச் சேர்மங்களைத் தனித்தனியாகப் பிரிக்கும், எம்எஸ் ஒவ்வொன்றையும் அடையாளம் காணும். லினலூல் லாவெண்டரின் முக்கிய மணச் சேர்மம், அதற்கு இடக்கை, வலக்கை போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு வடிவங்கள் உண்டு. அவற்றைப் பிரித்துக் காட்டுவதுதான் கைரல் சோதனை. ஒரு ஜோடிச் செருப்பைத் தராசில் வைத்தால் எது இடது, எது வலது என்று தராசு சொல்லாது. எடை ஒன்று, தோல் ஒன்று, தையல் ஒன்று. எம்எஸ் என்பது ஒரு தராசு. மூலக்கூறை உடைத்துத் துண்டுகளை நிறுக்கும். இடக்கை லினலூலும் வலக்கை லினலூலும் ஒரே மாதிரி உடையும், ஒரே துண்டுகளைத் தரும். சாதாரண ஜிசியிலும் இரண்டும் ஒரே நொடியில் வெளியே வரும்.

செடிக்கு அப்படி இல்லை. லாவெண்டரில் இருக்கும் நொதி கிட்டத்தட்ட ஒரே கையைத்தான் செய்கிறது, ஆர் வடிவம். எஸ் வடிவம் சில சதவீதம் இருக்கும், அவ்வளவுதான். தொழிற்சாலையில் வழக்கமான முறையில் செய்யும் லினலூலில் இரண்டும் சரிபாதி, அதாவது ரெசிமிக். அதை எடுத்து ஊற்றினால் ஜிசி-எம்எஸ் ரிப்போர்ட்டில் "லினலூல் 34%" என்று அழகாக வரும். பாதி எங்கிருந்து வந்தது என்று அந்தத் தாளுக்குத் தெரியாது.

பிப்ரவரி 4

"சரி, தராசு சொல்லாது. பிறகு எதுதான் சொல்லும்?" என்று கேட்டிருக்கிறார். காலில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடுமே. இங்கே அந்தக் கால் சைக்ளோடெக்ஸ்ட்ரின். மாவுச்சத்திலிருந்து கிடைக்கும் குளுக்கோஸ் வளையம். 6 குளுக்கோஸ் என்றால் ஆல்ஃபா, 7 என்றால் பீட்டா, 8 என்றால் காமா. குளுக்கோஸுக்கே ஒரு கை உண்டு, ஆகவே வளையத்துக்கும் உண்டு. அந்த வளையத்தின் வெளிப்பக்கத்தை மாற்றியமைத்து, சிலிக்கோன் பிசினில் கரைத்து, தலைமுடி போன்ற குழலின் உட்சுவரில் பூசிவிடுவார்கள். எண்ணெயின் ஆவி அதன் வழியே போகும்போது ஒரு கை வளையத்தில் கொஞ்சம் கூடுதலாக ஒட்டி நிற்கும், மறு கை கொஞ்சம் முந்திப் போய்விடும்.

"கொஞ்சம்" என்பது எவ்வளவு கொஞ்சம் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். 100 டிகிரியில் பிரிப்புக் காரணி 1.02 என்றால், அதாவது ஒரு கை மற்றதைவிட 2% கூடுதலாக ஒட்டி நின்றால், இரண்டு கைக்கும் நடுவே உள்ள ஆற்றல் வித்தியாசம் மோலுக்குச் சுமார் 60 ஜூல். ஒரு நல்ல ஹைட்ரஜன் பிணைப்பு மோலுக்கு 20,000 ஜூல் அளவில் இருக்கும். இந்த அற்ப வித்தியாசத்தை வைத்துக்கொண்டு பிரிக்க முடிவதே 30 மீட்டர் நீளக் குழலில் அது லட்சம் முறை திரும்பத் திரும்ப நடப்பதால்தான்.

இந்தக் குழலை ஆய்வகத்தில் "காலம்" (ஆங்கில column) என்றுதான் சொல்வோம். "காலம் கெட்டுப்போச்சு" என்று யாராவது தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அது தத்துவம் இல்லை, யாரோ ஈரமான சாம்பிளை ஏற்றிவிட்டார்கள் என்று அர்த்தம்.

பிப்ரவரி 4, சற்று நேரம் கழித்து

வரலாறு கேட்டவருக்குச் சுருக்கமாக. ஜிசியில் முதன்முதலாகக் கைகளைப் பிரித்துக் காட்டியது இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் கில்-அவ் குழு, 1966. அது அமினோ அமிலங்களுக்கானது. நறுமண எண்ணெய்க்காரர்களுக்கு வாசல் திறந்தது 1983-ல். போலந்தில் கோஷியல்ஸ்கி, சிபில்ஸ்கா, யுர்சாக் மூவரும் ஆல்ஃபா சைக்ளோடெக்ஸ்ட்ரினை வைத்துப் பைன் பிசினில் இருக்கும் பைனீன்களைப் பிரித்தார்கள். 1988 வாக்கில் ஜெர்மனியில் ஷூரிக், கோனிக் ஆகியோர் அதை நுண்குழலுக்குக் கொண்டுவந்தார்கள். கலப்படம் பிடிக்கும் கருவியாக அதைத் தீட்டியதில் ஃபிராங்க்ஃபர்ட்டின் மோசாண்டலுக்குப் பெரிய பங்கு.

பிப்ரவரி 5

எவ்வளவு ஊற்றியிருக்கிறார்கள் என்று எப்படிக் கணக்கிடுவது? சுலபம். இயற்கை எண்ணெயில் லினலூலின் எஸ் பங்கு 4% என்று வைத்துக்கொள்வோம். சாம்பிளில் 12% இருக்கிறது. 12-ல் 4 போனால் 8. ஆக லினலூலில் 8% செயற்கை.

பிப்ரவரி 5, மாலை

மேலே போட்ட கணக்கு தப்பு. இரண்டு பேர் காதைத் திருகிவிட்டார்கள், திருக வேண்டியதுதான். ரெசிமிக் லினலூல் தனியாக எஸ் மட்டும் கொண்டுவராது, அதே அளவு ஆர்-ஐயும் கூட்டிக்கொண்டு வரும். 8 பங்கு எஸ் வந்திருந்தால் 8 பங்கு ஆர்-உம் வந்திருக்கிறது, ஆகவே 16. அதுவும் முடிவில்லை. செயற்கை நுழைந்த அளவுக்குச் செடியின் லினலூல் பங்கு குறைகிறது, அதோடு வந்த 4%-உம் குறைகிறது. ஒழுங்காக எழுதினால், செயற்கையின் பங்கு க என்றால், 4 × (1 − க) + 50 × க = 12. க = 8 ÷ 46, அதாவது 17.4%.

எண்ணெயில் மொத்த லினலூல் 34% என்றால், பாட்டிலில் இருப்பதில் கிட்டத்தட்ட 6% வெளியிலிருந்து வந்தது. நான் முதலில் சொன்னதைப் போல இரு மடங்குக்கும் மேல். இருபது வருடம் இதே வேலை பார்த்துவிட்டு இப்படி எழுதினேன் என்பதை அழிக்காமல் விட்டுவைக்கிறேன்.

பிப்ரவரி 6

12 என்ற எண்ணைச் சும்மா எடுக்கவில்லை. ஐரோப்பிய மருந்தியல் தொகுப்பு லாவெண்டர் எண்ணெய்க்கு வைத்திருக்கும் வரம்பு அதுதான். எஸ்-லினலூல் 12%-க்கு மேல் போகக்கூடாது, எஸ்-லினலைல் அசிடேட் 1%-க்கு மேல் போகக்கூடாது. நேற்றைய கணக்கோடு சேர்த்துப் பார்த்தால் வேடிக்கை புரியும். லினலூலில் ஆறில் ஒரு பங்கு செயற்கையாக இருந்தாலும் முதல் வரம்பில் மாட்டாமல் தப்பித்துவிடலாம்.

அவ்வளவு தளர்வாக ஏன் வைத்தார்கள்? லினலூலின் குணம் அப்படி. அமிலச் சூழலில் அதன் ஓஎச் கழன்று போகும். மிஞ்சும் அயனி தட்டையானது, அதற்குக் கை கிடையாது. தண்ணீர் திரும்ப வந்து ஒட்டும்போது எந்தப் பக்கத்திலும் ஒட்டலாம். நீராவியில் அதிக நேரம் வடித்தாலோ, பழசானாலோ நேர்மையான எண்ணெயிலும் எஸ் ஏறும். குளிர் அழுத்தத்தில் எடுத்த பெர்கமாட்டில் லினலூல் கிட்டத்தட்ட முழுக்க ஆர். அதே தோலை வடித்து எடுத்தால் எஸ் கூடிவிடுகிறது.

அசிடேட் இந்த விஷயத்தில் நிலையானது, அதனால்தான் 1%. இயல்பாக 0.4% இருந்தால், 1%-ஐத் தொட ரெசிமிக் அசிடேட் 1.2% போதும். ஆகவே ரிப்போர்ட் வந்தால் நான் முதலில் பார்ப்பது அசிடேட்டை. லினலூலை மட்டும் ஊற்றியிருந்தால் அசிடேட் வாய் திறக்காது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

பிப்ரவரி 7

ஒருவர் எழுதியிருக்கிறார்: "வலக்கை லிமோனீன் ஆரஞ்சு வாசனை, இடக்கை லிமோனீன் எலுமிச்சை வாசனை என்று பாடப்புத்தகத்தில் படித்தேன். அப்படியானால் மூக்கே போதுமே."

அந்தப் பாடத்தைக் கிழித்துப் போடலாம். எலுமிச்சைத் தோல் எண்ணெயில் இருக்கும் லிமோனீனும் ஆர் வடிவம்தான், ஆரஞ்சில் இருப்பதும் அதேதான், இரண்டிலும் 95%-க்கு மேல். எலுமிச்சையை எலுமிச்சையாக்குவது சிட்ரால், அதற்குக் கையே கிடையாது. எஸ் லிமோனீனைத் தனியாக முகர்ந்தால் டர்பன்டைன் (பைன் பிசின் தைலம்) பக்கம் போகும்.

உண்மையான உதாரணம் கார்வோன். ஆர் வடிவம் புதினா, ஸ்பியர்மிண்ட் வாசனை. எஸ் வடிவம் சதகுப்பை, கேரவே வாசனை. வாசனை வேறுபாட்டுக்குக் காரணம் கைதானா, அல்லது ஒட்டிக்கொண்ட அசுத்தமா என்று நெடுநாள் சண்டை இருந்தது. 1971-ல் ஒன்றை மற்றொன்றாக மாற்றிக் காட்டி முடித்துவைத்தார்கள். மூக்கின் ஏற்பிகளும் புரதம், அவற்றுக்கும் கை உண்டு. அதனால் மூக்கும் ஒரு கைரல் கருவிதான், ஆனால் அதனால் 4-ஐயும் 12-ஐயும் பிரித்துச் சொல்ல முடியாது.

பிப்ரவரி 9

என் கதை ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. "கைரல் ரிப்போர்ட் பொய் சொல்லாது" என்று ஒருவர் எனக்கு ஆதரவாக எழுதிவிட்டார். ஆதரவுதான், ஆனால் சகிக்கவில்லை.

பல வருடம் எண்ணெய் அனுப்பிக்கொண்டிருந்த ஒரு வடிப்பவர். அவருடைய லாவெண்டரில் எஸ்-லினலூல் 3%-ஐத் தாண்டியதே இல்லை. ஒரு வருடம் 7% காட்டியது. இன்னொரு முறை ஓட்டினேன், 7. புது பாட்டில் திறந்து ஓட்டினேன், அதே 7. மூன்று முறை ஒரே எண் வந்தால் உண்மை என்று மனம் நம்பிவிடுகிறது. அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, கலப்படம் என்ற சொல்லைப் பயன்படுத்தினேன். மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. "நீங்களே வந்து பாருங்கள்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

வைத்த பிறகு எனக்கே உறுத்தியது. அசிடேட்டில் எஸ் சுத்தமாக 0.4%-லேயே நின்றது ஏன்? அந்தக் குழலை எம்எஸ்ஸோடு இணைத்து, எஸ்-லினலூல் பீக்கை, அதாவது வரைபடத்தில் அது எழுப்பும் முகட்டை, நடுவில் வெட்டிப் பார்த்தேன். முன்பாதியில் 71 எடைத் துண்டுக்கும் 93 எடைத் துண்டுக்கும் உள்ள விகிதம் லினலூலுக்கு உரியது. பின்பாதியில் விகிதம் வேறு. அதாவது லினலூலின் முதுகில் வேறொன்று ஏறிக்கொண்டு வந்திருக்கிறது. குழல் பழசாகிப் பிரிக்கும் திறன் குறைந்திருந்தது, நான் கவனிக்கவில்லை. வெப்ப ஏற்றத்தை நிமிடத்துக்கு 2 டிகிரியிலிருந்து 1 டிகிரியாகக் குறைத்தேன், சாம்பிளையும் நீர்க்க வைத்தேன். இரண்டு பீக்காகப் பிரிந்தது. எஸ்-லினலூல் 3.1%.

மன்னிப்புக் கேட்டேன். பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார், ஆனால் அடுத்த வருடம் சாம்பிள் வரவில்லை.

மூன்று முறை ஒரே எண் வந்தது எதைக் காட்டியது? அதே தவறு மூன்று முறை நடந்ததை.

பிப்ரவரி 9, இரவு

இதைத் தவிர்க்க இரட்டை ஜிசி என்று ஒரு வழி இருக்கிறது. முதலில் சாதாரணக் குழலில் ஓட்டி, லினலூல் வரும் அந்தச் சில நொடிகளை மட்டும் கத்தரித்து இரண்டாவது கைரல் குழலுக்கு அனுப்புவது. கூட்டத்தில் ஆளைத் தேடாமல், ஆளை மட்டும் அறைக்குள் கூப்பிட்டு விசாரிப்பது மாதிரி. மோசாண்டல் குழு இதைத்தான் நம்பியது. வசதி இருந்தால் இதுதான் சரி.

பிப்ரவரி 10

குழல் மாற்றினால் வரிசையும் மாறலாம் என்பதை மறக்காதீர்கள். ஒரு சைக்ளோடெக்ஸ்ட்ரினில் ஆர் முதலில் வரும், வேறொன்றில் எஸ் முதலில் வரும். பழைய நோட்டைப் பார்த்துப் பெயர் எழுதி, ஒரு மதியம் முழுக்க லாவெண்டரைக் கொத்தமல்லி விதை எண்ணெயாக்கி வைத்திருந்தேன். கொத்தமல்லியில்தான் எஸ்-லினலூல் ஆட்சி. முன்காலத்தில் இரண்டையும் வேறு வேறு பொருள் என்றே நினைத்து லிகாரியால், கொரியாண்ட்ரால் என்று தனித்தனிப் பெயர் வைத்திருந்தார்கள். ரெசிமிக் ஒன்றையும் கை தெரிந்த ஒன்றையும் அன்றைக்கே ஓட்டிப் பார்க்காமல் பெயர் எழுதக்கூடாது.

பிப்ரவரி 12

"கிராம்பு எண்ணெய்க்கும் இதைச் செய்யலாமா?"

செய்யலாம், பெரிதாக ஒன்றும் தெரியாது. யூஜெனாலுக்குக் கை இல்லை. இலவங்கப்பட்டையின் சின்னமால்டிஹைடு, யூகலிப்டஸின் சினியோல், பாமரோசாவின் ஜெரானியால், எலுமிச்சைப்புல்லின் சிட்ரால், விண்டர்கிரீனின் மெத்தில் சாலிசிலேட், இவற்றுக்கும் இல்லை. கண்ணாடியில் பார்த்தாலும் அதே உருவம். கூட இருக்கும் சில்லறைச் சேர்மங்களின் கையைப் பார்க்கலாம், முக்கியப் பொருளைப் பற்றிக் கைரல் ஜிசி ஊமை.

அங்கே ஐசோடோப்புச் சோதனை வேண்டும், ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களைப் பார்ப்பது. பெட்ரோலிய மூலத்திலிருந்து செய்த பொருளில் கார்பன்-14 இருக்காது, அதன் அரைவாழ்வு 5,730 ஆண்டுகள்தான், எப்போதோ தீர்ந்துபோயிருக்கும். விண்டர்கிரீனை இப்படிப் பிடித்துவிடலாம். எலுமிச்சைப்புல் வேறு ஒரு வழியில் மாட்டிவிடும். அது கரும்பு, சோளம் மாதிரி சி4 என்ற ஒளிச்சேர்க்கை வகை, ஆகவே அதன் சிட்ராலில் கார்பன்-13 மற்றச் செடிகளைவிடக் கூடுதல்.

ஆனால் டர்பன்டைனிலிருந்து செய்த செயற்கைப் பொருளில் கார்பன்-14 முழுசாக இருக்கும். மரம் நேற்று வரை உயிரோடு இருந்ததாயிற்றே.

பிப்ரவரி 13

ஒரு கை சுத்தமாக இருந்தால்தான் இயற்கை என்று நான் சொன்னதாக ஒருவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். நான் எழுதிய விதம் அப்படி. திருத்துகிறேன். டீ ட்ரீ எண்ணெயின் டெர்பினென்-4-ஆல் செடியிலேயே கலந்துதான் வருகிறது. ஐஎஸ்ஓ 4730 என்ற தரத்தின் 2017 பதிப்பு அதற்கு வலச்சுழற்சி (ஒளியை வலப்பக்கம் சுழற்றும்) வடிவம் 67 முதல் 71%, இடச்சுழற்சி 29 முதல் 33% என்று வரம்பு வைத்திருக்கிறது. இங்கே 99% சுத்தமாக ஒரு கை வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். ரோஜா எண்ணெயில் சிட்ரொனெல்லால் ஏறக்குறைய முழுக்க எஸ், ஜெரேனியத்தில் இரண்டு கையும் கலந்தே இருக்கும். அதனால் ரோஜாவில் ஆர் தலைகாட்டினால் ஜெரேனியமோ செயற்கையோ உள்ளே புகுந்திருக்கிறது.

செடிக்குச் செடி, பொருளுக்குப் பொருள் விகிதம் வேறு. மனப்பாடம் செய்ய வேண்டியதுதான், குறுக்கு வழி இல்லை.

பிப்ரவரி 14

மெந்தால் பற்றி நாலைந்து பேர். ரெசிமிக் ஊற்றினால் பிடித்துவிடலாம். ஆனால் ரெசிமிக்கை எவன் ஊற்றுகிறான்? ஜப்பானின் தகாசகோ நிறுவனம் மிர்சீனிலிருந்து தொடங்கி, ரோடியம் வினையூக்கியை வைத்து, செடியில் இருக்கும் அதே கையை டன் கணக்கில் செய்கிறது. அந்த வினையூக்கிக்குப் பின்னால் இருந்த வேதியியலாளர் நொயோரிக்கு 2001-ல் நோபல் பரிசு. அதைக் கலந்தால் கைரல் குழல் சலாம் போட்டு உள்ளே விடும்.

இயற்கையாலேயே ஏமாற்றலாம் என்பது இன்னும் மோசம். ஹோ இலை (கற்பூர மர வகை ஒன்றின் இலை) எண்ணெயில் இருப்பதும் ஆர்-லினலூல்தான். அதை எடுத்து லாவெண்டரில் ஊற்றினால் எஸ் ஏறாது, இறங்கக்கூடச் செய்யும். கலப்படம் செய்தவனின் ரிப்போர்ட் நேர்மையானவனின் ரிப்போர்ட்டைவிட அழகாக இருக்கும்!

பிப்ரவரி 14, பிற்பகல்

"அப்படியானால் இத்தனை நாள் எதற்கு வாதாடினீர்கள்?" நியாயமான கேள்வி. எஸ் கூடுதலாக இருந்தால், பீக் உண்மையிலேயே எஸ்ஸுடையது என்று உறுதியானால், அதற்குக் காரணம் சொல்ல வேண்டிய பொறுப்பு விற்றவர் தலையில். எஸ் சரியாக இருந்தால் ரெசிமிக் ஊற்றவில்லை, அவ்வளவே. முதல் நாள் இதை இப்படி எழுதவில்லை, வேகத்தில் எழுதிவிட்டேன்.

செயற்கை லினலூலுக்குத் தொழிற்சாலைத் தடயமும் உண்டு. அசிட்டிலீன் வழியில் செய்தால் டீஹைட்ரோலினலூல், டைஹைட்ரோலினலூல் போன்றவை நூலளவு ஒட்டியிருக்கும். செடி அவற்றைச் செய்வதில்லை. இதற்குச் சாதாரண ஜிசி-எம்எஸ்ஸே போதும், பார்க்கத் தெரிந்தால்.

பிப்ரவரி 15

போலாரிமீட்டர் (முனைவுற்ற ஒளியை எண்ணெய் எந்தப் பக்கம், எவ்வளவு சுழற்றுகிறது என்று அளக்கும் கருவி) போதாதா என்றவருக்கு: அது எல்லாச் சேர்மத்தின் சுழற்சியையும் கூட்டிக் கழித்து ஒரே எண்ணாகத் தரும். லாவெண்டர் மைனஸ் பக்கம், கொத்தமல்லி பிளஸ் பக்கம். முரட்டுத்தனமான கலப்படம் சிக்கும். கொஞ்சம் மூளை உள்ளவன் இடச்சுழற்சிப் பொருள் எதையாவது சேர்த்து எண்ணைச் சரிக்கட்டிவிடுவான்.

பிப்ரவரி 27

முதலில் கேட்டவர் கைரல் சோதனை செய்து அனுப்பியிருக்கிறார். ஆர்-லினலூல் 96.8%, ஆர்-லினலைல் அசிடேட் 99.5%. "இப்போது சுத்தம் என்று ஒப்புக்கொள்கிறீர்களா?" என்கிறார்.

ரெசிமிக் இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன். பழைய ஜிசி-எம்எஸ் ரிப்போர்ட்டையும் முழுசாக அனுப்புங்கள்.

பிப்ரவரி 28

அனுப்பினார். முதல் பக்கத்தில் அவர் சொன்ன 34-உம் 31-உம். இரண்டாம் பக்கத்தில், யாரும் அடிக்கோடு போடாத வரிசையில், கேம்பர் (கற்பூரம்) 3.4%.

அசல் லாவெண்டரில் கேம்பர் வழக்கமாக 1% சுற்றி நிற்கும், பெரும்பாலும் அதற்கும் கீழே. லாவெண்டரின் கலப்பினமான லாவண்டினில், அதன் கிராஸோ வகையில், 6 முதல் 8% வரை போகும். லாவண்டினின் லினலூலும் ஆர் வடிவம்தான், அசிடேட்டும் அப்படியே. இரண்டு செடிகளும் உறவுக்காரர்கள், கைரல் குழல் அவர்களுக்குள் பேதம் பார்க்காது. பாட்டிலில் கணிசமாக லாவண்டின் கலந்திருக்கிறது என்பது என் கணிப்பு. லாவெண்டரின் இன்னொரு சேர்மமான லாவண்டுலைல் அசிடேட் எவ்வளவு என்று பாருங்கள், அதுவும் குறைவாக இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

ஆக, அவர் போதும் என்று சொன்ன ரிப்போர்ட்டிலேயே பதில் இருந்தது. நான் போதாது என்று மூன்று வாரம் வாதாடிய நேரத்தில் இரண்டாம் பக்கத்தைக் கேட்டிருக்கலாம்.

பிப்ரவரி 28, இரவு

லாவண்டுலைல் அசிடேட் 1.6% என்று பதில் வந்துவிட்டது. குறைவுதான். கைரல் சோதனைக்கு ஆன செலவை யாரிடம் கேட்பது என்கிறார். என்னிடம் கேட்காதீர்கள்.